இங்கே செல்லாத அட்டை

அத்தியாயம் 6

அம்மணியின் துப்பறியும் அலுவலகத்தில் கட்சிக்காரர்களுக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றுக்குக் கைப்பிடி உண்டு, மற்றதற்குக் கிடையாது. கைப்பிடி உள்ளதில் உட்கார்ந்தவர்கள் அதிக நேரம் அழுகிறார்கள் என்று அம்மணி கண்டுபிடித்த நாளிலிருந்து அதன்மேல் பழைய டெலிபோன் டைரக்டரிகள் ஏறிவிட்டன.

ஜஹீரா கைப்பிடி இல்லாததில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அம்மணி.

கேசவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே வேளச்சேரி ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் ஒன்பதாவது ஆளை உள்ளே திணித்துக்கொண்டிருந்தான். அம்மணியிடம் கேசவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அதற்கு முன் அவர் இருபத்திரண்டு வருடம் திரிசூலம் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸில் இருந்தவர். அங்கே அவர் முன்னால் அழுதவர்களின் பெட்டிகளைத்தான் முதலில் திறப்பாராம்.

"முடிஞ்சுது மேடம்."

"மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னாள். சேலையூரில் ஸ்டுடியோ வைத்திருந்த துளசிங்கத்தை யாரோ கொன்றுவிட்டார்கள். போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடைப் பையன் டீ கொடுத்தபோது உயிரோடு இருந்தார். ஏழு மணிக்குக் கிளாஸ் வாங்கப் போனபோது ஸ்டுடியோ இருட்டாக இருந்தது. மறுநாள் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். அவருடைய கேமரா ஸ்டாண்டாலேயே தலையில் அடித்திருந்தார்கள். கேமராவைக் காணோம்.

அந்தக் கேமராவை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் ஜஹீராவின் புருஷன் ஷாகுல். மாதம் ஒரு தடவை பறந்துபோய்ச் சாமான் சுமந்து வருகிற குருவி. கடை விலையைவிடப் பதினைந்தாயிரம் குறைச்சல் என்று துளசிங்கம் ஆசையாக வாங்கினார். நாற்பதாம் நாள் கேமரா செத்துப்போனது. வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் ஷாகுலின் சட்டையைப் பிடித்துக் கத்தினார். மார்க்கெட்டே பார்த்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஷாகுலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"எங்க வூட்டுக்காரங்க வியாழக்கிழமை நாலு மணிக்கே பர்மா பஜார் போய்ட்டாங்க மேடம். கடைசி வண்டியிலதான் வந்தாங்க."

"பார்த்தவங்க யாரு?"

"பஜார்ல யாரு மேடம் யாரைப் பார்ப்பாங்க." ஜஹீரா நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு கீது. போலீஸ் வூட்டை முழுக்கப் புரட்டிட்டாங்க. பதினோரு கேமரா இருந்துச்சு. அவங்க கைல இருந்த நம்பர் ஒண்ணுலயும் பொருந்தலை. பத்தைக் கஸ்டம்ஸ் கேஸுன்னு எடுத்துக்கினு போய்ட்டாங்க. எடுக்கட்டும். பொருந்தலைல்ல? அப்ப எங்க வூட்டுக்காரங்க எடுக்கலைன்னுதானே அர்த்தம்?"

"போலீஸுக்கு நம்பர் எங்கேர்ந்து வந்தது?"

"துளசி சார் ஸ்டுடியோவுல கேமரா வந்த அட்டைப்பெட்டி இருந்துச்சு. அதுல ஒட்டியிருக்கும். கடைசி மூணு நம்பர் அஞ்சு எட்டு ரெண்டு."

கேசவன் எழுதிக்கொண்டான்.

"திங்கக்கிழமை செங்கல்பட்டுல ஜாமீன் மனு வருது. வக்கீல் எதையாவது காட்டணும்ன்றார். எனக்கு இது ஏழாம் மாசம் மேடம்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அம்மணி அந்தக் கையைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்? உங்க வீட்டுக்காரர் வெளிய வரணுமா, இல்ல யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கணுமா? ரெண்டும் வேற வேற வேலை."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"சரி. அப்ப ரெண்டாவதை எழுதிக்கோ கேசவன்."

ஜஹீரா பர்ஸைத் திறந்து பாதி ஃபீஸை மேசைமேல் வைத்தாள். "மீதி அடுத்த வாரம். தம்பி ஜமீர் இன்னைக்குச் சாயங்காலம் சிங்கப்பூர் போறான். வூட்ல மிச்சம் கிடக்கிற சாமானை அங்க வித்துட்டு வந்துருவான்." கொஞ்சம் தயங்கினாள். "அவங்களுக்குத் தெரியாது. ஜெயில்ல பார்க்கப் போனப்பக்கூட அதைத்தான் சொன்னாங்க. வூட்ல எதையும் விக்காதே, எதையும் வெளிய அனுப்பாதேன்னு. அந்த நேரத்துலயும் எங்களைப் பத்தித்தான் கவலை."

"நல்ல புருஷன்," என்றான் கேசவன். மனதாரத்தான் சொன்னான்.

ஷாகுலின் பாக்கெட் நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். எந்தப் பயணத்தில் எந்தச் சாமான் யாருக்கு என்று குண்டு எழுத்தில் இருந்தது. துளசிங்கத்துக்குக் கேமரா வந்த பயணத்துக்கு நேரே ஒரே ஒரு வரி: அதே மாடல் இரண்டு. துளசி, ஏசு.

○

அம்மணிதான் ஸ்கூட்டர் ஓட்டுவார். கேசவன் பின்னால். குரோம்பேட்டை வருவதற்குள் மூன்று பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கணக்கு சரியாகிவிட்டது.

சர்வீஸ் சென்டர் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாம்பசிவன் என்று பெயர் குத்திக்கொண்ட ஒரு மனிதர். அவர் தலைக்கு மேலே போர்டு: வெளிநாட்டில் வாங்கிய பொருள்களுக்கு இங்கே வாரண்டி செல்லாது.

"துளசிங்கமா? நல்லா ஞாபகம் இருக்கு. புதன்கிழமை வந்தார். வாரண்டி கார்டைக் காட்டி, இதுல இண்டர்நேஷனல்னு போட்டிருக்கேன்னார். போட்டிருக்கு சார், லென்ஸுக்கு. அந்த லென்ஸை உலகத்துல எங்க வேணாலும் கொடுக்கலாம். கேமரா பாடிக்கு வாங்கின நாட்டுல மட்டும்தான். எல்லாம் கார்டு பின்னாடி எழுதியிருக்கு. பொடி எழுத்துல. யார் திருப்பிப் பார்க்கறா?"

"லென்ஸுக்கு பாஸ்போர்ட் உண்டு, பாடிக்கு இல்லைன்றீங்க," என்றான் கேசவன். "ரெண்டையும் மாட்டி வெச்சா எந்தப் பாதியை ஏர்போர்ட்ல நிறுத்துவாங்க?"

சாம்பசிவன் சிரிக்கவில்லை. அவரிடம் தினமும் நாலு பேர் இதைவிட நல்ல ஜோக்குகள் சொல்லியிருப்பார்கள்.

"காசு கொடுத்து ரிப்பேர் பண்ணலாமே?" என்றார் அம்மணி.

"உள்ள சர்க்யூட் போர்டு போயிருந்தது மேடம். மாத்தினா கேமரா விலையில பாதி. அவர்கிட்ட இல்ல. ஒரு கல்யாணத்துல முகூர்த்த நேரம் பார்த்து நின்னு போச்சாம். தாலி கட்டறது ஒண்ணுகூட விழலை. பொண்ணோட மாமா மேடையிலயே வெச்சு அறைஞ்சுட்டாராம். இங்க நின்னு கன்னத்தைக் காட்டினார்." சாம்பசிவன் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அப்போது மட்டும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. "நான் என்ன பண்ண முடியும்? கன்னத்துக்கு வாரண்டி போட முடியுமா?"

கேசவனுக்கு அந்த ஜோக்கைத் தான் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் சொல்லாததே நல்லது என்று பட்டது.

"அப்புறம் வந்தாரா?"

"வரலை. போன் பண்ணினார். வியாழக்கிழமை சரியா அஞ்சரைக்கு. நாங்க பூட்டற நேரம். கார்டைக் கையில வெச்சுக்கிட்டு, பின்பக்கத்தை எனக்கே படிச்சுக் காட்டினார், முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும். 'இப்பதான் சார் திருப்பிப் பார்த்தேன்'னார். அப்புறம் ஒரு சத்தம். அழுதாரா, சிரிச்சாரான்னு தெரியலை. நான் வெச்சுட்டேன்."

"புதன்கிழமை நீங்க எழுதிக் கொடுத்த சீட்டோட நகல் இருக்குமே?"

இருந்தது. சாம்பசிவன் எந்தக் கேமரா வந்தாலும் முதலில் கவிழ்த்துப் போட்டு அடியில் உள்ள எண்ணை எழுதுகிற ஆள். மறுப்பதாக இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் மறுப்பார். சீட்டில் இப்படி இருந்தது:

கேமரா எண் முடிவு 417. வாரண்டி அட்டை எண் முடிவு 582. ஏற்கப்படவில்லை. காரணம் ஒன்று, வெளிநாட்டில் வாங்கியது. காரணம் இரண்டு, எண்கள் பொருந்தவில்லை.

கேசவன் இரண்டு தடவை படித்தான்.

"மேடம், போலீஸ் தப்பான நம்பரைத் தேடியிருக்காங்க."

"சத்தம் போடாம கீழ வா."

○

கீழே டீக்கடையில் அம்மணி சர்க்கரை இல்லாத டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"குருவிங்க எப்படிக் கொண்டு வருவாங்க தெரியுமா? பெட்டியோட வந்தா புது சாமான், ட்யூட்டி கட்டணும். அதனால கேமராவைக் கழுத்துல மாட்டிக்குவான். ஊர் சுத்திப் பார்த்துட்டு வர்ற ஆள் மாதிரி. பெட்டியையும் கார்டையும் மடிச்சு வேற ஒருத்தன் சூட்கேஸ்ல போட்டு அனுப்புவான். வெறும் அட்டைக்கு யாரு ட்யூட்டி கேட்பா? வெளிய வந்ததும் ஜோடி சேர்த்துக்குவாங்க."

"நீங்க எப்படிப் பிடிப்பீங்க?"

"கழுத்துல கேமரா பழகினவன் நடக்கும்போது அதைக் கையால பிடிச்சுக்க மாட்டான். புதுசு மாட்டினவன் குழந்தையைப் பிடிக்கற மாதிரி பிடிச்சுக்குவான்." கிளாஸை வைத்தார். "அந்தப் பயணத்துல ஒரே மாடல் ரெண்டு. ஜோடி சேர்க்கும்போது மாத்திட்டான். துளசிங்கத்துக்கு வந்த கேமரா 417, பெட்டியும் கார்டும் 582. அப்ப ஏசுவுக்கு?"

"கேமரா 582. பெட்டியும் கார்டும் 417." கேசவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கல்யாணமாகி மண்டபத்துல ஜோடி மாறிப் போன கேஸு. அப்படின்னா காணாமப் போனது 417. அது எங்க இருக்கோ அங்க கொலைகாரன். மேடம், ஜஹீராவுக்கு ஒரு போன் போடலாம். அவங்க வீட்லேர்ந்து போலீஸ் எடுத்துட்டுப் போன பத்துல 417 இல்லைன்னு ஆயிட்டா ஷாகுல் வெளிய."

"போடாதே."

"ஏன்?"

"முகூர்த்த நாள்ல அந்தப் போட்டோக்காரர் ஏசு திருநீர்மலையிலதான் இருப்பார்னு ஜஹீரா சொன்னாளே. மொதல்ல அவர்கிட்ட அந்த 417 கார்டு இருக்கான்னு பார்ப்போம்."

கேசவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் மனதில் கொலைகாரன் முகம் ஏற்கெனவே தயாராகிவிட்டது. ஒரே தொழில், ஒரே ஏரியா, ஒரே கேமரா. கல்யாண ஆர்டருக்கு அடித்துக்கொள்கிற இரண்டு போட்டோக்காரர்கள். ஸ்கூட்டரில் போகும்போதே அந்த ஏசுவுக்கு அவன் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டான்.

○

முகூர்த்த நாள். திருநீர்மலை அடிவாரத்தில் எல்லா மண்டபத்து வாசலிலும் வாழைமரம். ஒரு கல்யாணக் கூட்டம் மலைப்படி இறங்க, இன்னொன்று ஏறியது. இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி மாலை.

"இங்கயும் ஜோடி மாறும் மேடம்," என்றான் கேசவன்.

மூன்றாவது மண்டபத்தில் ஏசுதாசன் இருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் வாயில் ஒருவர் லட்டு ஊட்டுவதை ஐந்தாவது தடவையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு, கொஞ்சம் சிரிம்மா. லட்டுதான, மாத்திரையா கீது? மாப்ள, நீ வாயை மூடு, இன்னும் வரலை."

அம்மணி மேடை ஓரத்தில் நின்று பழைய உத்தியோகக் குரலில், "சிங்கப்பூர் கேமராதானே?" என்று மட்டும் கேட்டார். ஏசுதாசனின் கை கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. பந்திக் கூடத்துப் பின்னால் அண்டா கழுவுகிற இடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், ட்யூட்டி சமாச்சாரம் எனக்கு ஒண்ணியும் தெரியாது. ஷாகுல் பாய் குட்த்தாரு, நான் வாங்கினேன். பொண்டாட்டி செயினை வெச்சு வாங்கினது மேடம்."

"கேமராவைக் கவிழ்த்துக் காட்டுங்க."

582. கேசவன் தலையசைத்தான். இதுவரை சரி.

"கார்டு?"

ஏசுதாசன் கேமராப் பையின் உள்ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த வாரண்டி அட்டையை எடுத்தார். சிங்கப்பூர்க் கடையின் நீல முத்திரை. கேசவன் கையை நீட்டி வாங்கினான்.

582.

இன்னொரு தடவை பார்த்தான். கேமராவும் 582, கார்டும் 582. பொருந்தியது. எதுவும் மாறவேயில்லை. சாம்பசிவன் புதன்கிழமை தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறார். முழுக் கேஸும் அண்டாத் தண்ணீரோடு சாக்கடையில் ஓடியது.

"போச்சு மேடம். ஒரு டீ லாபம், அவ்ளோதான்."

அம்மணி கார்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்தார். 'வாங்கிய நாட்டில் மட்டும்' என்ற வரியின் அடியில் நீல மசியால் கோடு போட்டிருந்தது. பதற்றத்தில் கிழித்தது போல் பேனா முனை அட்டையைக் கீறியிருந்தது.

"இந்தக் கோடு நீங்க போட்டதா?"

"இல்ல மேடம். அதுல இன்னா எழுதிக்கீதுன்னே எனக்குத் தெரியாது."

"இந்தக் கார்டு எப்பவும் உங்ககிட்டதான் இருந்துச்சா?"

ஏசுதாசன் அதற்குப் பெரிய முக்கியத்துவம் இருப்பதாக நினைக்கவில்லை. கேமராவைப் பற்றிக் கேட்காமல் வெறும் கார்டைப் பற்றிக் கேட்கிறார்களே என்று முகத்தில் நிம்மதி வந்தது.

"மொதல்ல குட்த்தது வேற. பாய் மாத்திக் குட்த்துட்டாராம். வூட்டுக்கே வந்து, 'ஏசு, கார்டு மாறிப் போச்சு, இந்தா உன்னுது, அத்தக் குடு'ன்னு மாத்திக்கினு போனாரு. நல்ல மனுசன் மேடம். வேற எந்தக் குருவி வந்து மாத்திக் குடுப்பான்?"

"எப்ப வந்தாரு?"

"போன வாரம் வெள்ளிக்கிழமை. காலீல ஏழு மணி இருக்கும். நான் பல்லு வெளக்கிக்கினு இருந்தேன். அன்னிக்கு ராத்திரிதான் பாவம் அவரைப் புட்ச்சிக்கினு போய்ட்டாங்க."

அண்டா கழுவுகிறவள் தண்ணீரை வீசி ஊற்றினாள். கேசவனின் செருப்பு நனைந்தது. அவன் நகரவில்லை.

○

வெளியே வந்து வாழைமரத்தின் அருகில் நின்றார்கள்.

"சொல்லு," என்றார் அம்மணி.

"வியாழக்கிழமை அஞ்சரை மணிக்கு அந்தக் கார்டு துளசிங்கம் கையில. போன்ல படிச்சுக்கிட்டிருக்காரு. ஏழு மணிக்கு அவர் இல்லை." கேசவன் நிறுத்தினான். "வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அதே கார்டு ஷாகுல் கையில."

"ஸ்டுடியோவுல பொணம் கிடக்கறதே பத்து மணிக்குத்தான் ஊருக்குத் தெரியும்."

"ஆத்திரத்துல அடிச்சிருப்பான் மேடம். மார்க்கெட்ல சட்டையைப் பிடிச்சா யாருக்குத்தான்..."

"அடிச்சது ஆத்திரமா இருக்கலாம். அப்புறம் கேமராவை எடுத்தான், கார்டைத் தேடி எடுத்தான். ராத்திரி தூங்கி எழுந்து, காலையில இங்க வந்து மாத்திக்கிட்டுப் போனான். ஜோடி சேராத கேமரா குப்பை. ஜோடி சேர்ந்தா சிங்கப்பூர்ல இலவசமா போர்டு மாத்திக் கொடுப்பாங்க. புதுசுன்னு இன்னொருத்தன் தலையில கட்டலாம்."

"பெட்டியை விட்டுட்டானே."

"பெட்டி எப்பவும் வேற ஆள் கொண்டு வர்றதுதானே. அவன் கணக்குல அது சாமானே இல்லை."

கேசவன் எதையாவது சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். பதினோரு கேமரா, போலீஸ் எடுத்தது பத்து. மிச்சம் ஒன்று. காலையில் அந்தக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஜஹீரா சொன்னது அப்போதுதான் அவன் காதில் சரியாக விழுந்தது. மிச்சம் கிடக்கிற சாமான்.

"அதை விக்கப்போறது நமக்கு ஃபீஸ் கொடுக்கறதுக்கா மேடம்?"

அம்மணி மண்டபத்து ஆபீஸ் போனில் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

"காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?"

"எதையும் விக்காதேன்னு அவன் சொன்னான்னாளே, அப்ப தோணுச்சு. ஜாமீனுக்குக் காசு தேடறவன் பொண்டாட்டிகிட்ட அப்படிச் சொல்ல மாட்டான்."

"ஜஹீராகிட்ட நான் சொல்லிடறேன் மேடம். மெதுவா."

"நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. கேமரா தம்பி கழுத்துல இருக்கும், கார்டை அவ எடுத்துக் கொடுத்திருப்பா. ரெண்டு பேரையும் சேர்த்து உள்ள வெச்சுடுவாங்க. தெரிஞ்சவ அந்த நம்பரைப் படிக்கத் தயங்குவா. தெரியாதவ கடகடன்னு படிப்பா. இன்ஸ்பெக்டர் காதுல விழற மாதிரி அவளே படிக்கணும், அப்பதான் அவளுக்கு எதுவும் தெரியாதுன்னு அவர் நம்புவார்."

கேசவன் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

○

முடிச்சூர் ரோட்டில் ஒரு சந்து. வாசலில் ஜீப் இல்லை. இன்ஸ்பெக்டர் மப்டியில் எதிர்க் கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். இவர்கள் உள்ளே போனதும் அவர் மெதுவாக வந்து, திறந்திருந்த சன்னலுக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டார்.

ஜமீர் பயணத்துக்குத் தயாராக நின்றான். பூப்போட்ட சட்டை, புது ஷூ, கழுத்தில் கேமரா. ஒரு கையால் அதை நெஞ்சோடு பிடித்திருந்தான். குழந்தையைப் பிடிப்பது போலத்தான்.

ஜஹீரா அம்மணியின் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள். "ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. போலீஸ் தேடின நம்பரே தப்பு. காணாமப் போன கேமராவோட நிஜ நம்பர் இப்ப நம்மகிட்ட இருக்கு. துளசிங்கத்துக்கு சர்வீஸ் சென்டர்ல எழுதிக் கொடுத்த சீட்டுலேர்ந்து எடுத்தோம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஜமீர், கேட்டியா? நான் சொல்லலை?"

"தம்பி கழுத்துல என்ன?"

"அதான் மேடம், காலையில சொன்னேனே. இது மட்டும் வேலை செய்யலை. ஓடாத சாமான்னு போலீஸ் வுட்டுட்டாங்க. பீரோவுல அவங்க பாஸ்போர்ட் பைக்குள்ள இதோட கார்டு இருந்துச்சு. அங்க கொடுத்தா காசில்லாம சரி பண்ணிக் கொடுப்பாங்களாம். வித்துட்டு வந்தா உங்க மீதியையும் கொடுத்துட்டு, வக்கீலுக்கும் ஆகும்."

"கார்டும் கேமராவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா? இல்லேன்னா அங்கயும் திருப்பி அனுப்பிடுவாங்க. நம்பரைப் படிங்க, பார்ப்போம்."

ஜஹீரா தம்பியின் கையிலிருந்து கார்டை வாங்கினாள். அவன் கழுத்திலிருந்து வாரைக் கழற்றாமலேயே கேமராவைத் தன் பக்கம் இழுத்து, கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜமீர் அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

அவள் தயங்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் கேமராவின் எண்ணை முழுசாகப் படித்தாள். கடைசியில் நாலு, ஒண்ணு, ஏழு. பிறகு கார்டு. நாலு, ஒண்ணு, ஏழு.

"பொருந்துது மேடம்." முகம் மலர்ந்திருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக. "போலீஸுக்கு ஒண்ணுமே பொருந்தலை. இதாவது சரியாக் கீது பாருங்க. அவங்க எப்பவும் எல்லாத்தையும் ஜோடியா, ஒழுங்காத்தான் வெச்சிருப்பாங்க."

அம்மணி கையை நீட்டினார். கேசவனுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. தெரியாதது போல் ஒரு விநாடி நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தான். அம்மணி அதைப் பிரித்து ஜஹீராவிடம் கொடுத்தார்.

ஜஹீரா படித்தாள். முதலில் மேலே இருந்த பெயர், துளசிங்கம். அப்புறம் கேமரா எண். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கேமராவைத் திரும்பவும் கவிழ்த்துப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேமராவைப் பார்த்தாள், ஏதாவது ஒரு எண்ணாவது இதற்குள் மாறியிருக்காதா என்பது போல.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மீதி ஃபீஸ் வேண்டாம்," என்றார் அம்மணி.

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வார் இன்னும் தம்பியின் கழுத்தில் இருந்தது. நிமிரவும் முடியாமல், கழற்றவும் தோன்றாமல் ஜமீர் குனிந்தபடியே நின்றான்.

"எதையும் விக்காதேன்னாங்க," என்றாள் ஜஹீரா. "எதையும் வெளிய அனுப்பாதேன்னாங்க. என் மேல பிரியத்துல சொல்றாங்கன்னு நினைச்சுக்கினேன்."